கம்பி வழியே கூடிய புதன்சந்தை

மேல் ஹாலின்ஸ் பண்ணை,
வென்பரி.
9 நவம்பர் 1967, வியாழன்

பாசமுள்ள மருமகள் க்வெண்டாவுக்கு,

உன் தாய்மாமன் ஜேபஸ் வலது கையைப் பைபிளின் மேல் வைத்து (பைபிள் மாடியில் இருப்பதால் தற்காலிகமாகப் பாலாடைக்கட்டியின் மேல் வைத்து) எழுதுவது. கீழே வரும் கதையை நீ நம்ப மாட்டாய். உன்னோடு நர்ஸ் வேலை படிக்கும் பெண்கள் நம்ப மாட்டார்கள். லிவர்பூலில் ஒரு பூனைகூட நம்பாது. இருந்தாலும் எழுதுகிறேன், இந்த வாரம் எனக்கு வேறு வேலை இல்லை.

உடம்பு எப்படி இருக்கிறது? அந்த ஆஸ்பத்திரிக் கஞ்சியில் கரண்டி இன்னும் தானாக நிற்கிறதா? நானும் உன் அப்பனும் சுகம். என் இடது முழங்கால் மட்டும் தனி நாடு கேட்கிறது.

சங்கதி இதுதான். மாடுகளுக்குக் கோமாரி வந்துவிட்டது. நம்மிடம் இல்லை, பயப்படாதே. மலைக்கு அந்தப் பக்கம், வேல்ஸ் எல்லையோரம். அதற்கே சர்க்கார் நம் சந்தையை மூடிவிட்டது. எழுநூறு வருடமாக ஒரு புதன்கூடத் தப்பாத வென்பரிச் சந்தையை. ஏதோ ஒரு ஹென்றி ராஜா இந்த வழியாகப் போனபோது நம் ஊர்ப் பன்றிக்கறி அப்பத்தைத் தின்று, ஏப்பம் விட்ட கையோடு எழுதித் தந்த சாசனம் அது. ஒரு புதன் தப்பினாலும் சந்தை உரிமை போச்சு என்று அதில் இருக்கிறது. கொள்ளைநோய் வருடத்தில்கூட நம் முன்னோர் ஊர் எல்லையிலுள்ள குழிக்கல்லில் காடியை ஊற்றி, காசை அதில் முக்கி எடுத்து, தள்ளித் தள்ளி நின்று கத்தியே வியாபாரம் பண்ணினார்கள். அன்று கத்திய கத்தலில்தான் நம் ஊர்க்காரன் எவனுக்கும் இன்றுவரை மெதுவாகப் பேச வருவதில்லை.

நேற்று சந்தை நேரத்துக்குப் போன் அடித்தது. எக்ஸ்சேஞ்சிலிருந்து மிஸ் டிரான்டர்.

"ஜேபஸ், சும்மா இருங்க, கேளுங்க. சுத்துப்பட்டுப் பண்ணை எல்லாத்தையும் ஒண்ணா கோத்து விட்டிருக்கேன். மேல தெரிஞ்சா என் வேலை காலி."

கம்பிக்குள் ஒரே மூச்சுச் சத்தம், அடைமழையில் தொழுவத்துக்குள் நுழைந்த மாதிரி. பிறகு ஏலக்காரர் லவ்கின் தொண்டையைச் செருமினார். "வென்பரிச் சந்தை கூடியாச்சு. க்ரீன்லோ?" "இருக்கேன்." "பெப்?" "இருக்கேன்யா, சீக்கிரம் ஆரம்பி, அடுப்புல பால்." "மேல் ஹாலின்ஸ்?" "இருக்கோம்" என்றேன். இப்படி ஒவ்வொரு பண்ணையாகக் கூப்பிட்டுவிட்டு, "முதல் உருப்படி, செவலைக் கிடாரி. மனக்கண்ணால பாத்துக்குங்க. எனக்கும் அப்படித்தான் தெரியுது" என்றார்.

இல்லாத மாடுகளை ஏலம் விட்டார், மருமகளே. நானும் சும்மா இருப்பேனா? ஒரு காளை வாங்கினேன். தலை நம் முற்றத்தில், வால் வேல்ஸில். வாலுக்குத் தனி வரி கட்ட வேண்டுமாம்.

உன் அப்பன் அடுப்பருகே உட்கார்ந்து, "இல்லாத மாட்டுக்கு எதுக்குடா இந்தக் கூப்பாடு" என்றார். ஆனால் எழுந்து போகவில்லை. இதோ, வழக்கம்போல் கடைசி வரி எழுதப் பேனாவைப் பிடுங்குகிறார்.

காளையின் சொந்தக்காரன்,
ஜேபஸ் மாமன்

மூடுபனி. – அப்பா

*

நர்ஸ் விடுதி, லிவர்பூல்.
13 நவம்பர்

அன்புள்ள மாமாவுக்கு,

நான் நலம். கஞ்சியில் கரண்டி நிற்பது மட்டுமல்ல, போன வாரம் நடந்தும் போனது. உங்கள் முழங்கால் சுதந்திரம் அடைந்ததும் எனக்கு ஒரு வரி போடுங்கள்.

கடிதத்தை இரவுப் பணி முடிந்து வந்தவர்களுக்குப் படித்துக் காட்டினேன். விழுந்து விழுந்து சிரித்தார்கள். நான் பாதியில் நிறுத்திவிட்டேன். செய்தித்தாளில் தினமும் ஒரு வரைபடம் வருகிறது மாமா. நோய் வந்த பண்ணைகளுக்குக் கறுப்புப் புள்ளி. முதல் நாள் ஈ மொய்த்த மாதிரி இருந்தது. இன்று மை கொட்டிய மாதிரி இருக்கிறது. வென்பரி என்று அதில் எழுதவில்லை, நானே எங்கே என்று பார்த்து நகத்தால் ஒரு கோடு போட்டிருக்கிறேன்.

அப்பா எப்படி இருக்கிறார்? நான் கேட்டதாகச் சொல்லாதீர்கள், "அவளுக்கென்ன, அங்க சொகுசா இருக்கா" என்பார். டாம்சன் எப்போது கன்று போடும்? அவள் பிறந்த அன்று அப்பா கையை விட்டு இழுக்க, நான் விளக்கைப் பிடித்துக்கொண்டு அழுதது ஞாபகம் இருக்கிறதா? "அழறதுன்னா வெளிய போ, விளக்கு ஆடுது" என்றார். நான் நர்ஸ் வேலைக்கு வந்தது அன்றைக்கு அழுகையை நிறுத்தியதால்தான் என்று நினைக்கிறேன்.

கிறிஸ்துமஸுக்கு நான்கு நாள் விடுப்பு கிடைக்கும். வருகிறேன்.

அப்பாவின் 'மூடுபனி'யை என் கண்ணாடி ஓரத்தில் மற்ற வானிலைகளோடு செருகி வைத்திருக்கிறேன். அம்மாவிடம் பழகிய காலத்திலும் அவர் கடிதத்தில் வானிலைதான் எழுதினாராம். "அதுல வெயில்னு இருந்த நாளுக்குச் சரின்னேன்" என்று அம்மா இருந்தவரை சொல்வாள்.

உங்கள் மருமகள்,
க்வெண்டா

*

மேல் ஹாலின்ஸ்,
16 நவம்பர், வியாழன்

கண்ணான க்வெண்டாவுக்கு,

சுகம், சுகமே. உன் நகத்தை வரைபடத்தில் வீணாக்காதே, உன் அம்மாவுக்கும் அப்படித்தான் நகம் போனது.

நேற்று இரண்டாம் சந்தை. நான் ஆறு எருதுகள் பூட்டிய ஒரு தேரையும், பியானோ வாசிக்கும் ஒரு ஆட்டையும் பிடித்தேன். க்ரீன்லோக்காரர் ஆட்டுக்குப் போட்டி போட்டார். "ஜேபஸ், அது வாசிக்குமா?" "தேவாலயத்துல வாசிக்கிறவரைவிட நல்லா வாசிக்கும்." மிஸ் டிரான்டர் நடுவில் புகுந்து, "அதுக்கு ஆடு வேணாம்" என்றார். அவர் மட்டும் எல்லார் பேச்சையும் கேட்பார், அது அவருடைய சாசனம்.

லவ்கின் எல்லாப் பெயரையும் கூப்பிட்டார். பெப் மட்டும் பதில் சொல்லவில்லை. லவ்கின் கொஞ்சம் காத்திருந்தார். "பெப்?" என்று இன்னொரு முறை கேட்டார். பிறகு அடுத்த பெயருக்குப் போய்விட்டார். பெப்புக்குத் தொண்டைக்கட்டு. அவர் பண்ணைப் பக்கம் நேற்றிலிருந்து புகை தெரிகிறது. நவம்பர் ஐந்தாம் தேதி சொக்கப்பனைக்குச் சேர்த்த விறகு மிச்சம் இருந்திருக்கும், எரிக்கிறார். பெரிய தீ. இரவில் நம் மாடிச் சுவரில்கூட வெளிச்சம் ஆடுகிறது. நானும் உன் அப்பனும் குளிர் காயலாமே என்று பேசிக்கொண்டோம். நான் பேசினேன்.

நம் கேட்டில் மருந்துத் தண்ணீரில் ஊறிய வைக்கோலைப் பரப்பியிருக்கிறோம். தபால்காரர் உள்ளே வருவதில்லை, கடிதங்களைப் பிஸ்கட் டப்பாவில் போட்டுவிட்டு, டப்பாவுக்கு ஒரு சலாம் போட்டுவிட்டுப் போகிறார். உன் அப்பன் கையில் டார்ச்சோடு ஒவ்வொரு மாட்டின் வாயையும் திறந்து பார்த்துக்கொண்டிருக்கிறார். பார்த்து முடித்ததும் மறுபடி முதல் மாட்டிலிருந்து ஆரம்பிக்கிறார். பல் வைத்தியராகப் பெயர்ப்பலகை மாட்டலாம் என்றேன். சிரிக்கவில்லை. ரசனை கெட்ட மனிதர்.

டாம்சன் வயிறு பீப்பாய். வாய் சுத்தம். அவளை மட்டும் நானும் பார்க்கிறேன்.

பியானோ ஆட்டின் எஜமானன்,
ஜேபஸ்

காற்று. பெப் பக்கமிருந்து. – அப்பா

*

லிவர்பூல்,
20 நவம்பர்

அன்புள்ள மாமா,

நலம். நீங்களும் அப்படியே இருக்க வேண்டும்.

எனக்கு நினைவு தெரிந்த நாளாக அப்பா எனக்கு ஒரு சொல்லுக்கு மேல் எழுதியதில்லை. இந்த முறை மூன்று. அந்த மூன்றையும் நான் நூறு தடவை படித்துவிட்டேன்.

அந்தப் புகை விறகு இல்லை, ஒரு மாட்டுக்கு நோய் வந்தாலும் மந்தை முழுவதையும் சுட்டு எரிக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். நோய் காற்றில் வரும் என்றும் தெரியும். நான் குழந்தை இல்லை மாமா, போன வாரம்தான் ஒரு பெரியவருக்குக் கண்ணை மூடிவிட்டேன், அவர் மகளிடம் போய்ச் சொன்னதும் நான்தான். யானையும் பூனையும் எழுதுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. நடுவில் ஒரே ஒரு வரி உள்ளதைச் சொல்லிவிடுங்கள்.

உடனே பதில் போடுங்கள்.

க்வெண்டா

*

மேல் ஹாலின்ஸ்,
30 நவம்பர், வியாழன்

மகா கனம் பொருந்திய மருமகளுக்கு,

பதில் தாமதமானதற்கு மன்னிப்பாயாக. பேனாவை அந்தக் காளை விழுங்கிவிட்டது. மூன்று நாள் பின்னால் நின்று காத்திருந்து மீட்டேன், விவரம் வேண்டாம்.

இங்கே எல்லாம் பிரமாதம். இரண்டு சந்தைகள் ஆயின. நான் வாங்கிய சரக்குகளைக் கேள்: நூறு யானைகள், அதில் ஒன்று விதவை. தானே பால் கறந்து தானே வெண்ணெய் கடைந்து தானே தேவாலயத்துக்குப் போகும் பசு ஒன்று. நம் ஊர்க் கடிகாரக் கோபுரத்தை ஏலத்தில் விட்டார்கள், அதையும் எடுத்தேன், முற்றத்தில் சாய்த்து வைத்திருக்கிறேன், நேரம் பார்க்கப் படுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. யாரும் போட்டிக்கு வருவதில்லை, ரொம்ப மலிவு. கம்பியில் இப்போது நல்ல அமைதி, பேசினால் தெளிவாகக் கேட்கிறது.

உன் அப்பன் தொழுவத்துக் கூரையைப் பழுது பார்ப்பதில் மும்முரம், அதனால் பேச நேரமில்லை. துப்பாக்கியைச் சுத்தம் பண்ணித் தரச் சொல்லி கான்ஸ்டபிள் ப்ரைஸிடம் கொடுத்திருக்கிறேன், அவர் கை அதற்கு ராசி. தோட்டாப் பெட்டியையும் கையோடு அனுப்பிவிட்டேன், துணைக்கு இருக்கட்டும் என்று. கிணற்றுக்குப் புதுசாக ஒரு பூட்டு போட்டேன். நரித்தொல்லை.

கிறிஸ்துமஸுக்கு வராதே. சாலையெல்லாம் சேறு, ரயிலெல்லாம் கூட்டம், வாத்தெல்லாம் கிழடு. பனி போகட்டும், வசந்தத்தில் வா. டாம்சன் உன்னைக் கேட்டதாகச் சொன்னாள்.

யானைப்படைத் தளபதி,
ஜேபஸ்

மிக அழகான, இனிமையான வானிலை. வெயில் பொன்னாகக் கொட்டுகிறது. – அப்பா

*

லிவர்பூல்,
4 டிசம்பர்

மாமா,

அப்பா வாழ்க்கையில் எதையும் 'அழகான' என்று சொன்னதில்லை. அம்மாவையே சொன்னதில்லை. அந்த வரியை எழுதியது நீங்கள். 'ழ'வைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது, மழைக்கால நத்தை மாதிரி சுருட்டியிருக்கிறீர்கள்.

உறை முழுக்க மருந்து வாசனை. எங்கள் வார்டில் ஒரு படுக்கை காலியானதும் தரையில் ஊற்றுவார்களே, அந்த வாசனை.

ஞாயிறு அன்று விடுதிப் போனிலிருந்து வீட்டுக்கு அடித்தேன். மிஸ் டிரான்டர் என் குரலைக் கேட்டதும், "நல்லா இருக்கியாடி" என்று கேட்டுவிட்டு வேறெதுவும் பேசாமல் இணைத்தார். வெகுநேரம் மணி அடித்தது. பிறகு யாரோ எடுத்தார்கள். பேசவில்லை. மூச்சு மட்டும். "அப்பா?" என்றேன். மூச்சு. "அப்பா, நான்தான்." மூச்சு. நான் என்னென்னவோ பேசினேன், வார்டு, கஞ்சி, மழை. அங்கிருந்து ஒரு இருமல்கூட இல்லை. கடைசியில் மிஸ் டிரான்டர், "வெச்சிடு கண்ணு, அவரு வெக்க மாட்டாரு" என்றார்.

துப்பாக்கி ஏன் போலீஸிடம் இருக்கிறது? கிணற்றுக்கு எதற்குப் பூட்டு? நரி கிணற்றைத் திறக்குமா?

எனக்குத் தூக்கம் இல்லை. யானை வேண்டாம். எழுதாவிட்டால் அடுத்த ரயிலில் நான் அங்கே நிற்பேன்.

க்வெண்டா

*

மேல் ஹாலின்ஸ்,
6 டிசம்பர்

க்வெண்டா,

நீ சுகமாக இரு. நாங்கள் உயிரோடு இருக்கிறோம்.

நவம்பர் 23, வியாழன் காலை டாம்சன் வாயில் நுரை தள்ளி நின்றாள். முன்காலை மாற்றி மாற்றித் தூக்கினாள். உன் அப்பன் டார்ச்சை அணைத்துப் பையில் போட்டுக்கொண்டு, உள்ளே வந்து தானே போனை எடுத்து மாட்டு டாக்டரைக் கூப்பிட்டார். மறைத்திருந்தால் இன்னும் இரண்டு நாள் வைத்திருக்கலாம். நம்மைத் தாண்டி க்ரீன்லோ இருக்கிறது, அதைத் தாண்டி இன்னும் எத்தனையோ. அவர் மறைக்கவில்லை.

சுட வந்தவர்கள் நல்ல மாதிரிதான். "நீங்க உள்ள போயிடுங்க ஐயா, நாங்க பாத்துக்கறோம்" என்றார்கள். "புது ஆளுன்னா மிரளும்" என்றார் உன் அப்பன். ஒவ்வொன்றையும் தலைக்கயிறு பிடித்து, பெயர் சொல்லிக் கூப்பிட்டு, அவரே வெளியே கூட்டி வந்தார். எல்லாம் அவர் பின்னாலேயே வந்தன. டாம்சன் கடைசி.

அதுதான் அவர் கடைசியாகப் பேசியது. அந்த மிரளும் என்கிற வார்த்தை.

பொழுது விடியும் முன் எழுந்து தொழுவத்துக்குப் போகிறார். ஒவ்வொரு கட்டுச் சங்கிலியாக அவிழ்க்கிறார். நேரம் ஆனதும் ஒவ்வொன்றாகக் கட்டுகிறார். உள்ளே ஒன்றும் இல்லை, க்வெண்டா. நான் வாசலில் நின்று பார்க்கிறேன். எனக்கு அறுபத்தெட்டு வயது, இருட்டுக்குப் பயந்ததில்லை. அந்தச் சங்கிலிச் சத்தத்துக்குப் பயமாக இருக்கிறது. சத்தம் நின்றால் இன்னும் பயமாக இருக்கிறது. ஓடிப்போய்ப் பார்க்கிறேன். துப்பாக்கிக்கும் கிணற்றுக்கும் காரணம் அதுதான். நீ கேட்டாய், எழுதிவிட்டேன்.

ஒன்று மட்டும் உண்டு. இன்று புதன். சந்தை நேரத்துக்குத் தானாக வந்து போன் பக்கத்தில் உட்கார்ந்தார், போன புதன் மாதிரியே. லவ்கின் எந்தப் பெயரையும் விடுவதில்லை, எரித்து முடித்த பண்ணையையும் கூப்பிடுகிறார். "பெப்?" காத்திருப்பு. "மேல் ஹாலின்ஸ்?" காத்திருப்பு. நான் பதில் சொல்ல வாயைத் திறந்தால் உன் அப்பன் கையைக் காட்டி நிறுத்துகிறார். ரிசீவரைக் காதில் வைத்து முடியும்வரை கேட்கிறார். மற்ற நாளில் மணி அடித்தாலும் எடுத்துக் கேட்கிறார். அந்த மூச்சு அவருடையதுதான்.

நீ வராதே. கேட்டில் போலீஸ் நிற்கிறது. உன் காலணியோடு இது க்ரீன்லோவுக்குப் போனால் உன் அப்பனால் அதையும் தாங்க முடியாது.

ஜேபஸ்

*

லிவர்பூல்,
9 டிசம்பர்

அன்புள்ள மாமா,

உள்ளதை எழுதியதற்கு நன்றி. அழுது முடித்துவிட்டேன், விளக்கு ஆடவில்லை.

கால் வைக்காமல் வருகிறேன். மிஸ் டிரான்டரிடம் பேசியாகிவிட்டது. "வேலை போனா போகட்டும்டி" என்றார். வரும் புதன் அப்பா ரிசீவரைக் காதில் வைத்திருக்க வேண்டும், அது மட்டும் உங்கள் பொறுப்பு. முன்கூட்டி அவரிடம் எதுவும் சொல்லாதீர்கள்.

எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது. அங்கே என்ன பேசுவது என்று இன்னும் தெரியவில்லை.

க்வெண்டா

*

மேல் ஹாலின்ஸ்,
14 டிசம்பர், வியாழன்

ராஜாத்தி க்வெண்டாவுக்கு,

உடம்பு சுகமா? தொண்டை சுகமா? அந்தத் தொண்டைக்கு வென்பரி நகர மன்றம் ஒரு சிலை வைக்கப் போகிறது. கேட்டது நீ, பார்த்தது நான். பார்த்ததை எழுதுகிறேன், சாட்சிக் கையெழுத்தாக வைத்துக்கொள்.

உன் அப்பன் போன் பக்கத்தில். நான் எதிரில், என் காதையும் ரிசீவரின் முதுகில் ஒட்டி, இரண்டு கிழட்டுக் காதலர்கள் மாதிரி. லவ்கின் பெயர்களைக் கூப்பிட்டார். பதில் சொன்னது நாலைந்து பேர். நம் பெயர் வந்தது. காத்திருப்பு. உன் அப்பன் கண்ணை மூடிக்கொண்டார். அப்படியே திறக்காமல் இருந்துவிடுவாரோ என்று நான் அவர் இமையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

லவ்கின் ஆரம்பித்தார். "கறுப்பு வெள்ளைக் கிடாரி. தலைச்சன். இன்னும் கொஞ்ச நாள்ல கன்னு போடும். முகத்துல அப்படி ஒரு சாந்தம்."

"நூறு கினி" என்றாய் நீ.

கம்பியில் அத்தனை மூச்சும் நின்றது. வென்பரி ஏலத்தில் எவனும் முதல் கேள்வியிலேயே நூறு சொன்னதில்லை, சொன்னவனை அடுத்த வாரம் சந்தைக்குள் விட்டதுமில்லை.

"யாரும்மா அது?" என்றார் லவ்கின்.

"மேல் ஹாலின்ஸ்."

உன் அப்பன் கண் திறந்தது.

"நூறு" என்றார் லவ்கின். "வேற யாராச்சும்?"

"நூத்திப் பத்து." மறுபடி நீ.

"அம்மா, உன் கேள்வியை நீயே ஏத்தற."

"தெரியும். நூத்தி இருபது."

உன் அப்பன் கழுத்து நரம்பு புடைத்தது. வாய் திறந்தது, மூடியது. அவருக்கு மாரடைப்போ என்று எனக்குப் பயம். நீ "நூத்தி முப்பது" என்றாய் பார், அப்போது ஒரு சத்தம் வந்தது. துருப்பிடித்த கேட்டை யாரோ தள்ளின மாதிரி.

"ஏய்."

உன் அப்பன்தான், இருபது நாளுக்குப் பிறகு.

"மடியைப் பாத்தியா?"

"இல்லப்பா."

"நாலு காம்பும் திறந்திருக்கான்னு கேட்டியா?"

"கேக்கல."

"நடக்க விட்டுப் பாத்தியா? கேள்வி மேல கேள்வி கேக்கறா, கழுதை. லவ்கின், அவ கேள்வியை அடிச்சிடு. அந்த மாட்டுக்குப் பின் இடது காம்பு குருடு."

"ஏமஸ், நீங்க மாட்டைப் பாக்கவே இல்லையே" என்றார் லவ்கின்.

"உன்னைப் பாத்திருக்கேன்ல முப்பது வருஷமா. முகத்துல சாந்தம்னு நீ சொன்னா மடியில கோளாறுன்னு அர்த்தம்."

முதலில் சிரித்தது யார் தெரியுமா? பெப். ஒரு மாதமாகப் பதிலே சொல்லாத பெப். ஒவ்வொரு புதனும் அவரும் ரிசீவரைக் காதில் வைத்து உட்கார்ந்திருந்திருக்கிறார், நமக்குத்தான் தெரியாது. "எனக்கும் ஒண்ணு அப்படித் தள்ளிவிட்டான்யா அவன்" என்றார் பெப். அப்புறம் எல்லாப் பண்ணையும் சிரித்தது. மிஸ் டிரான்டர் மூக்கைச் சிந்தினார்.

நீ, "அப்போ வேற எதை வாங்கறதுப்பா?" என்றாய். உன் அப்பன், "வசந்தத்துல பாக்கலாம்" என்றார். ரிசீவரை வைத்தார். மேசையில் தலை கவிழ்ந்து அழுதார். ரொம்ப நேரம். நான் விளக்கைப் பிடித்துக்கொண்டிருந்தேன், ஆடினாலும் அவர் ஒன்றும் சொல்லவில்லை.

இன்று காலை அவர் தொழுவத்துக்குப் போகவில்லை என்று எழுத ஆசை. போனார். ஆனால் திரும்பி வந்து, "டீ எங்கடா?" என்றார். துப்பாக்கி ப்ரைஸிடமே இருக்கட்டும். கிணற்றுச் சாவி என் கழுத்தில்.

மாமன் ஜேபஸ்

உறைபனி. – அப்பா

*

லிவர்பூல்,
19 டிசம்பர்

அன்புள்ள மாமா,

'உறைபனி' அசல்தான். மூன்று முறை பார்த்தேன். கண்ணாடி ஓரத்தில் செருகியாகிவிட்டது.

ஆனது ஆகட்டும் என்று முதலில் வாயில் வந்த தொகையைச் சொன்னேன். மடியைப் பற்றிக் கேட்க வேண்டும் என்று எனக்கு உண்மையிலேயே தோன்றவில்லை. இதை அவரிடம் சொல்லாதீர்கள். திட்டமிட்டுச் செய்தேன் என்று நினைத்துக்கொண்டிருக்கட்டும். இல்லை, வேண்டாம், சொல்லிவிடுங்கள். இன்னொரு முறை திட்டட்டும்.

புதன்தோறும் நான் கம்பியில் இருப்பேன்.

க்வெண்டா

*

மேல் ஹாலின்ஸ்,
18 ஏப்ரல் 1968, வியாழன்

தூறல். கேட் திறந்திருக்கு. – அப்பா

மருமகளே, பார்த்தாயா இந்த அநியாயத்தை? நான் காகிதத்தை எடுத்து வைத்துவிட்டுப் பேனா தேடப் போன நேரத்தில் உன் அப்பன் உச்சியிலேயே எழுதிவிட்டார். இனி நான் வாலில் தொங்க வேண்டியதுதான், வேல்ஸில் கிடக்கும் என் காளையைப் போல. நீ சுகம்தானே? என் முழங்காலோடு சமாதானப் பேச்சு நடக்கிறது.

நேற்று சந்தை திறந்தார்கள். நிஜச் சந்தை, நிஜச் சாணி. ஆட்களைவிட மாடு குறைவு. பெப்பும் உன் அப்பனும் கை குலுக்கவில்லை, கம்பி வேலியில் கையை வைத்துப் பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள். லவ்கின் கறுப்பு வெள்ளைக் கிடாரி ஒன்றை வளையத்துக்குள் விட்டார். "முகத்துல அப்படி ஒரு..." என்று ஆரம்பித்தவர், சந்தை முழுக்கத் தன்னைத் திரும்பிப் பார்த்ததும் எச்சிலை விழுங்கிக்கொண்டார். உன் அப்பன் உள்ளே இறங்கி, நடக்கவிட்டு, குனிந்து நாலு காம்பையும் தொட்டுப் பார்த்தார். பின் இடதை மட்டும் இன்னொரு முறை. பிறகு என்னைப் பார்த்து, "இது தேறும்" என்றார். வாங்கியாயிற்று. பெயர் வைக்கவில்லை. அதற்கு ஒரு ஆள் வரணுமாம்.

ராத்திரி அவள் தொழுவத்தில் தனியாகக் கத்தினாள். உன் அப்பன் எழுந்து போனார். நானும் எழுந்து பின்னால் போனேன், பழைய பயம் விடவில்லை. வாசலில் நின்று கேட்டேன். அவர் அவளிடம் வானிலை சொல்லிக்கொண்டிருந்தார்.

இனி, சத்தியம் செய்து ஆரம்பித்தவன் சத்தியமாக முடிக்க வேண்டும். காளை பொய். ஆடு பொய். நூறு யானைகளும் பொய், அந்த விதவை உட்பட. ஹென்றி ராஜா எவனும் நம் அப்பத்தைத் தின்றதில்லை. தின்றிருந்தால் சாசனம் எழுத எழுந்திருக்க மாட்டான். எழுநூறு வருடம் ஒரு புதனும் தப்பாத சந்தை என்பதும் பொய். கொள்ளைநோயில் தப்பியது, சண்டையில் தப்பியது, ஒருமுறை லவ்கினின் தாத்தா குடித்துவிட்டு வியாழன் வரை தூங்கியதில் தப்பியது.

ஆனால் மருமகளே, இந்தக் குளிர்காலத்தில் மட்டும் ஒரு புதன்கூடத் தப்பவில்லை. அது மட்டும் நிஜம்.